சொகுசுக் காரின் டீசல் கணக்கு

கார் என்ற பேச்சு எழுந்தவுடன் முதலில் வரும் கேள்வி, வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பது. சிறிய கார் வாங்குபவர் அதைக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் அரைக் கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து ஜெர்மானிய சொகுசுக் கார் வாங்குபவரும் அதே கேள்வியைக் கேட்கிறார் என்பதும், அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் டீசலில் ஓடும் சொகுசு செடான் என்ற வண்டியே உருவாயிற்று என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கவை. செடான் என்பது முன்னே எஞ்சின், நடுவே பயணிகள், பின்னே தனியாக மூடப்பட்ட டிக்கி என மூன்று கூறாக அமைந்த கார். மெர்சிடிஸ்-பென்ஸின் ஈ-கிளாஸும் பி.எம்.டபிள்யூ.வின் 5 சீரிஸும் இவ்வகையில் நெடுங்காலமாக அளவுகோலாக நிற்பவை. இவற்றின் டீசல் வடிவங்கள் நடைமுறையில் எவ்வளவு கொடுக்கின்றன என்று கேட்டால், ஒற்றை எண்ணில் விடை சொல்ல இயலாது. மைலேஜில் பாதிதான் காரிடம் இருக்கிறது; மீதிப் பாதி அந்தக் கார் போகும் பாதையிடமும், அது ஓட்டப்படும் வேகத்திடமும், ஒவ்வொரு பயணத்தின் நீளத்திடமும் இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியை எண்ணாமல் டீசல் சொகுசுக் கார் வாங்கியவர்கள்தாம் பிற்பாடு ஏமாற்றம் அடைகிறார்கள்.

டீசல் எஞ்சின் ஏன் குறைவாகக் குடிக்கிறது என்பதை அறிய அதன் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1893இல் காப்புரிமை பெற்று, 1897இல் ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் ஓட்டிக் காட்டிய எஞ்சின், எரிபொருளில் அடங்கிய ஆற்றலில் 26 விழுக்காட்டுக்குச் சற்று மேலான பங்கை வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் பெரும்பாலும் பத்து விழுக்காட்டை ஒட்டியே நின்றன. பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறி பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினிலோ, காற்று மட்டும் சிலிண்டருக்குள் உறிஞ்சப்பட்டு, அதன் கொள்ளளவில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் கீழாக நெருக்கப்பட, அந்த நெருக்கத்தினாலேயே அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகி, பிறகு பீய்ச்சப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. இப்படிக் காற்று எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதையே அமுக்க விகிதம் என்கிறார்கள். அது உயர உயர, எரிதலில் பிறக்கும் வெப்பத்தில் கூடுதலான பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேரும்.

இதைவிடக் குறைவாகப் பேசப்படும் இன்னொரு காரணமும் உண்டு. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது காற்று நுழையும் வழியை ஒரு தட்டு அடைத்துக்கொள்வதால், மூக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு மூச்சிழுப்பவரைப் போல எஞ்சின் காற்றை உறிஞ்சவே தன் ஆற்றலில் ஒரு பகுதியைச் செலவழிக்கிறது. டீசல் எஞ்சினின் வலுவை அந்தத் தட்டு கட்டுப்படுத்துவதில்லை. பீய்ச்சும் டீசலின் அளவே கட்டுப்படுத்துகிறது. ஆகையால் மெதுவாக ஓடும்போதும் சும்மா நிற்கும்போதும் டீசலின் சிக்கனம் பெட்ரோலை விட்டு இன்னும் விலகி நிற்கிறது. அதே வேளையில், ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலை விட ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுதல் ஆற்றல் இயல்பாகவே அடங்கியிருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். லிட்டர் கணக்கில் டீசல் கார் காட்டும் மேன்மையில் ஒரு பகுதி எஞ்சினின் திறமை. இன்னொரு பகுதி அந்த எண்ணெயின் அடர்த்தி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படுவதும், டீசலில் அது 2.6 கிலோவைத் தாண்டுவதும் இதனால்தான்.

இந்த எஞ்சினைச் சொகுசுக் காருக்குள் முதலில் கொண்டுவந்தது மெர்சிடிஸ்-பென்ஸ். 1936 பிப்ரவரியில் பெர்லின் மோட்டார் கண்காட்சியில் வைக்கப்பட்ட 260 டி என்ற அந்தக் கார், 2.5 லிட்டர் கொள்ளளவும் 45 குதிரைத் திறனும் கொண்டிருந்தது. 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9.5 லிட்டர் குடித்தது. அதற்கு இணையான பெட்ரோல் கார் 13 லிட்டர் குடித்தது. நம் கணக்குக்கு மாற்றினால் லிட்டருக்கு 10.5 கிலோமீட்டரும் 7.7 கிலோமீட்டரும் ஆகும். 1940 வரை சுமார் 2,000 வண்டிகளே கட்டப்பட்டன என்றாலும், அவற்றை விரும்பி வாங்கியவர்கள் டாக்சி ஓட்டுநர்கள் என்பது கவனத்துக்குரியது. நாள் முழுக்க ஓடும் வண்டிக்குத்தான் டீசல் பொருந்தும் என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார்கள். கிரேக்க நாட்டு டாக்சி ஓட்டுநர் கிரெகோரியோஸ் சாசினிடிஸ் தம்முடைய 1976ஆம் ஆண்டு 240 டி காரை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004இல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கே ஒப்படைத்தார். பூமியை நூறு முறை சுற்றினாலும் அத்தனை தொலைவு வராது.

டாக்சிக்கு உகந்த அந்தப் பழைய எஞ்சின், பின்னிருக்கையில் அமர்ந்து பயணம் செய்யும் செல்வந்தருக்கு உகந்ததாக இல்லை. அது தடதடத்தது, புகைத்தது, மேட்டில் திணறியது. இந்தக் குறையை நீக்கும் வேலையைத் தூண்டியவற்றில் ஒரு சட்டமும் உண்டு. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்கா 1975இல் இயற்றி, 1978ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அமலாக்கிய விதிப்படி, ஒவ்வொரு நிறுவனமும் தான் விற்கும் கார்கள் அனைத்தின் சராசரி மைலேஜையும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைத்திருக்க வேண்டியிருந்தது. பெரிய பெட்ரோல் கார்களையும் விற்றுவந்த மெர்சிடிஸ்-பென்ஸ் அந்தச் சராசரியை உயர்த்த, தன் பெரிய செடானிலேயே டர்போ பொருத்திய டீசல் எஞ்சினை வைத்தது. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மூலம் கூடுதல் காற்றைச் சிலிண்டருக்குள் திணிக்கும் கருவியே டர்போ. அவ்வாறு 1978இல் வந்த 300 எஸ்.டி.யே டர்போ டீசல் எஞ்சினுடன் விற்பனைக்கு வந்த முதல் பயணிகள் கார். 1989இல் ஆடி 100 காரில், டீசலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் டி.டி.ஐ. எஞ்சின் வந்தது. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156, மெர்சிடிஸ் சி 220 சி.டி.ஐ. ஆகியவற்றின் வழியே காமன் ரெயில் முறை கார்களுக்கு வந்து சேர்ந்தது. எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை மிகுந்த அழுத்தத்தில் தேக்கி வைத்து, மின்னணு ஆணைப்படி மூடுபனி போலப் பீய்ச்சும் முறை அது. இன்று அந்த அழுத்தம் 2,000 பாரைத் தாண்டியிருக்கிறது, அதாவது கார் டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 900 மடங்கு. ஒரே அடியாக எரிந்து தடதடக்காமல், சிறுசிறு துளிகளாகப் பல முறை பீய்ச்சி எரிப்பதால் சத்தமும் அடங்கியது. அந்த எஞ்சின்கள் எவ்வளவு தூரம் முதிர்ந்துவிட்டன என்பதற்கு ஒரு சான்று: 2005இல் டெக்சாஸ் மாநிலத்தின் லரேடோ சோதனைத் தடத்தில் மூன்று ஈ 320 சி.டி.ஐ. கார்கள், மணிக்குச் சராசரி 224 கிலோமீட்டர் வேகத்தில், 30 நாளில் தலா ஒரு லட்சம் மைல் ஓடி முடித்தன.

இனி நிறுவனம் சொல்லும் மைலேஜும் வண்டி கொடுக்கும் மைலேஜும் எங்கே பிரிகின்றன என்பதைப் பார்க்கலாம். 2016இல் வந்த ஈ 220 டி காருக்கு ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்ட எரிபொருள் செலவு 100 கிலோமீட்டருக்கு 3.9 லிட்டர், அதாவது லிட்டருக்கு 25.6 கிலோமீட்டர். 194 குதிரைத் திறன் கொண்ட, ஏறத்தாழ 1,700 கிலோ எடையுள்ள காருக்கு இது நம்ப முடியாத எண். இந்த எண் சாலையில் பிறக்கவில்லை. உருளைகளின் மேல் காரை நிறுத்தி, ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே ஓட்டிப் பெறப்பட்டது. அப்போது வழக்கிலிருந்த ஐரோப்பிய ஓட்டச் சுழற்சி 11 கிலோமீட்டர் தொலைவும் 20 நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த நேரமும் கொண்டது; அதன் சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டரைக்கூட எட்டாது; 120 கிலோமீட்டர் வேகத்தை அது சில நொடிகளே தொடும்; ஏ.சி. அணைந்திருக்கும். ஓட்டச் சுழற்சி என்றால், எந்த நொடியில் எந்த வேகம் என்று முன்கூட்டியே எழுதி வைத்த அட்டவணை. இந்தியாவில் பின்பற்றப்பட்டு வந்த சுழற்சி இதையே தழுவியது, உச்ச வேகம் மட்டும் 90 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. ஆகவே இந்திய விற்பனைத் தாள்களில் அச்சாகும் எண்களும் இதே வகை நடையில் பெறப்பட்டவை.

போக்குவரத்து மாசு குறித்து ஆராயும் ஐ.சி.சி.டி. என்ற பன்னாட்டு ஆய்வு அமைப்பு, ஐரோப்பிய ஓட்டுநர்கள் தாமே பதிந்துவைத்த பெட்ரோல், டீசல் நிரப்பல் கணக்குகளைத் திரட்டி, அறிவிக்கப்பட்ட எண்ணுக்கும் நடைமுறைச் செலவுக்கும் உள்ள இடைவெளியை ஆண்டுதோறும் அளந்தது. 2001இல் 8 விழுக்காடாக இருந்த அந்த இடைவெளி 2017இல் 39 விழுக்காடாக விரிந்திருந்தது. கார்கள் கெட்டுப்போனதால் விரிந்த இடைவெளி அன்று அது; சோதனையின் நெளிவுசுளிவுகளை நிறுவனங்கள் நன்றாகக் கற்றுக்கொண்டதால் விரிந்தது. இந்தச் சராசரி இடைவெளியை ஈ 220 டி காரின் 3.9 லிட்டரோடு சேர்த்தால் 5.4 லிட்டர் ஆகும்; லிட்டருக்குச் சுமார் 18 கிலோமீட்டர். சீரான நெடுஞ்சாலைப் பயணத்தில் இந்த அளவு கார் எட்டக்கூடிய எண் அது. 2017 செப்டம்பரிலிருந்து ஐரோப்பாவில் டபிள்யூ.எல்.டி.பி. என்ற புதிய சோதனை வந்தது. 23 கிலோமீட்டர் தொலைவும், 30 நிமிட நேரமும், 131 கிலோமீட்டர் உச்ச வேகமும் கொண்ட அது உண்மைக்கு நெருங்கியது. எனினும் முழுதும் தொட்டுவிடவில்லை. 2021 முதல் ஐரோப்பியக் கார்களுக்குள்ளேயே பொருத்தப்பட்ட அளவீட்டுக் கருவிகளின் தரவைத் தொகுத்து ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, பெட்ரோல் கார்கள் அறிவிக்கப்பட்டதைவிட 23.7 விழுக்காடும், டீசல் கார்கள் 18.1 விழுக்காடும் கூடுதலாகக் குடிக்கின்றன என்று காட்டியது. வாக்குறுதியிலிருந்து டீசல் குறைவாகவே வழுவுகிறது என்பது இந்த இரண்டு எண்களில் தெரிகிறது.

சாலையில் என்ன நிகழ்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால் மைலேஜின் இரகசியம் புலப்படும். 1,700 கிலோ எடையுள்ள காரை நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோக, எஞ்சினின் இழப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுமார் 15 மில்லி லிட்டர் டீசல் வேண்டும். இருமல் மருந்துக் கரண்டியால் மூன்று கரண்டி. அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதிக்கும்போது அந்த மூன்று கரண்டியும் பிரேக் தட்டில் சூடாக மாறிக் காற்றில் கரைந்துவிடும். இப்படி எழுபது முறை நின்று புறப்பட்டால், வேறெந்தச் செலவையும் சேர்க்காமலே ஒரு லிட்டர் போய்விடும். அதற்கு மேல், ஏ.சி.யோடு நின்றபடி ஓடும் இரண்டு லிட்டர் எஞ்சின் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். நெரிசலில் ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் நகரும் காரின் மைலேஜ் ஏன் பத்துக்கும் கீழே இறங்குகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நெடுஞ்சாலையில் எதிரி வேறு; அங்கே காற்றுதான் தடை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக உயர்வதால், 100 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் தடை 120இல் 1.44 மடங்காகிறது, ஜெர்மனியின் வேக வரம்பில்லாச் சாலைகளில் 160இல் ஓட்டுபவருக்கு அது 2.56 மடங்காகிறது. செடான் என்ற உருவமே இங்கே கைகொடுக்கிறது. தாழ்ந்து, நீண்டு, பின்புறம் சரியும் அந்த உடலமைப்பால் ஈ 220 டி காரின் காற்றுத் தடை எண் 0.23 வரை இறங்கியது. நிமிர்ந்து நிற்கும் எஸ்.யூ.வி. வண்டிகள் அதே எஞ்சினைச் சுமந்தும் அந்த மைலேஜைத் தர முடியாததற்கு இது முதன்மையான காரணம். டீசலின் இழுவைத் திறனும், அதாவது ஓட்டுநர்கள் புல்லிங் என்று சொல்வதும், இங்கேதான் பயன்படுகிறது. குறைந்த சுழற்சியிலேயே சக்கரத்தை வலுவாகத் திருப்ப முடிவதால், கியரை மிக நீளமாக வைக்கலாம். 2013இல் மெர்சிடிஸ் அறிமுகப்படுத்திய 9 கியர் தானியங்கிப் பெட்டியில், 120 கிலோமீட்டர் வேகத்திலும் எஞ்சின் நிமிடத்துக்கு 1,350 முறை மட்டுமே சுழன்றது. பின்னிருக்கையில் இருப்பவருக்கு அது அமைதியாகவும், டேங்குக்கு அது சிக்கனமாகவும் வந்து சேர்கிறது.

2008 மார்ச்சில் லண்டனின் சண்டே டைம்ஸ் இதழ் ஒரு பி.எம்.டபிள்யூ. 520 டி காரையும், சிக்கனத்துக்குப் பேர்போன டொயோட்டா பிரியஸ் ஹைப்ரிட் காரையும் லண்டனிலிருந்து ஜெனிவா வரை ஓட்டிப் பார்த்தது. ஹைப்ரிட் என்பது பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயக்கும் கார். கனத்த சொகுசு செடான் லிட்டருக்குச் சுமார் 17.8 கிலோமீட்டர் கொடுக்க, பிரியஸ் சுமார் 17.0 கொடுத்தது. பிரேக்கில் வீணாகும் ஆற்றலை மீட்டெடுப்பதுதான் ஹைப்ரிட்டின் பலம். பிரேக்கே மிதிக்கத் தேவையில்லாத நெடும்பாதையில் அந்தப் பலம் உறங்கிக் கிடக்கும். லண்டன் நகருக்குள்ளேயே அதே இரண்டு கார்களையும் ஓட்டியிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் இந்தச் சோதனையைப் படிக்க வேண்டும்.

சொந்தக் காரின் உண்மையான மைலேஜை அறிய டேஷ்போர்டுத் திரையை மட்டும் நம்புவது போதாது. அது பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகவே காட்டும். நம்பத்தக்க வழி, பங்கில் ஃபுல் டேங்க் போடும் பழைய முறைதான். நாசில் தானாக டக்கென்று நின்றதும் அதற்கு மேல் ஊற்றாமல் நிறுத்தி, ஓடிய கிலோமீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, டேங்க் காலியாகும் தறுவாயில் அதே பங்கில், முடிந்தால் அதே பம்பில், மீண்டும் நாசில் நிற்கும்வரை நிரப்ப வேண்டும். 612 கிலோமீட்டர் ஓடி 38.2 லிட்டர் பிடித்திருந்தால் லிட்டருக்கு 16. ஒருமுறை அளந்ததை முடிந்த முடிவாகக் கொள்ளாமல், ஐந்தாறு முறை அளந்து, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுப்பதே சரி. இந்த வகுத்தலில் ஒரு நுட்பம் இருக்கிறது. நகரில் 10, நெடுஞ்சாலையில் 20 கொடுக்கும் கார் இரண்டிலும் நூறு நூறு கிலோமீட்டர் ஓடினால் சராசரி 15 என்று மனம் சொல்லும். ஆனால் செலவானது 10 லிட்டரும் 5 லிட்டரும், எனவே சராசரி 13.3தான். மோசமாகக் கொடுக்கும் கிலோமீட்டர்களே சராசரியைக் கீழே இழுக்கின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் ஆகிய இருவரும் 2008இல் சயன்ஸ் இதழில் இந்த மயக்கத்தையே எடுத்துக்காட்டினார்கள். நம் கணக்கில் சொன்னால், ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் காரின் மைலேஜ் 10இலிருந்து 12 ஆனால் 250 லிட்டர் மிச்சம், 20இலிருந்து 25 ஆனால், பார்வைக்குப் பெரிய ஏற்றமாகத் தோன்றினாலும், 150 லிட்டரே மிச்சம். ஐரோப்பியர்கள் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடும் வழக்கம் இந்த மயக்கத்துக்கு இடம் கொடுப்பதில்லை.

நகரத்தில் மைலேஜ் குறைந்தாலும், அதே அளவு பெட்ரோல் காரைவிட டீசல் கார் அங்கேயும் குறைவாகவே குடிக்கும். அப்படியானால் நகரவாசி டீசல் வாங்கலாமே என்ற கேள்வி எழுகிறது. அதற்குத் தடையாக நிற்பது எரிபொருள் அன்று; புகைக்குழாயில் இருக்கும் டி.பி.எஃப். என்ற கரித்துகள் வடிகட்டி. டீசல் எரியும்போது உண்டாகும் நுண்ணிய கரித்துகள்களை அது பிடித்துச் சேர்த்து வைத்துக்கொண்டு, சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஏறத்தாழ 600 டிகிரி வரை சூடேற்றி எரித்துத் தன்னைத் தானே துப்புரவாக்கிக்கொள்கிறது. அந்தச் சூட்டை உண்டாக்க எஞ்சின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். உற்றுக் கவனிக்கும் ஓட்டுநருக்கு அந்த நேரம் தெரிந்துவிடும்: நின்றிருக்கும்போது எஞ்சின் சுழற்சி வழக்கத்தைவிட உயர்ந்திருக்கும், திரையில் மைலேஜ் திடீரென்று சரியும், வண்டியை அணைத்த பின்னும் முன்னால் மின்விசிறி உரக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். இருபது நிமிடம் தடையின்றி ஓடினால் வேலை முடிந்துவிடும். ஆனால் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டரில் அலுவலகம் உள்ளவரின் கார் அந்த எரிப்பைத் தொடங்கும். முடிக்கும் முன்னே அணைக்கப்படும். மறுநாள் மீண்டும் தொடங்கும். ஒவ்வொரு முறையும் எரியாத டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் ஆயிலில் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும். இறுதியில் வடிகட்டி அடைத்துக்கொண்டு, எச்சரிக்கை விளக்கு எரிந்து, சர்வீஸ் சென்டரில் பல மாத எரிபொருள் மிச்சத்தை ஒரே நாளில் கட்ட நேரும். இந்த ஒன்றைக் கார் விற்பவர்கள் வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லுவது கடமை. வண்டி எப்படிப்பட்ட பாதையில் ஓடப்போகிறது என்று கேட்காமல் டீசல் காரை விற்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் நீதியாகாது.

இன்னொரு கருவி, நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை முறிப்பது. காற்றை மிகுதியாகவும் சூடாகவும் வைத்து எரிப்பதே டீசலின் சிக்கனத்துக்குக் காரணம் என்பதைப் போல, அந்த வாயுக்கள் பிறக்கவும் அதுவே காரணம். எனவே புகைப் பாதையில் ஆட்ப்ளூ என்ற, 32.5 விழுக்காடு யூரியா கலந்த தூய நீர் தெளிக்கப்படுகிறது. அது தீர்ந்துபோனால், அணைத்த எஞ்சின் மீண்டும் ஸ்டார்ட் ஆகாதபடி கார் தன்னைப் பூட்டிக்கொள்ளும். இந்த வாயுக்களைச் சோதனைக் கூடத்தில் மட்டும் அடக்கி, சாலையில் அவிழ்த்துவிடும் மென்பொருளை வோக்ஸ்வாகன் பொருத்தியிருந்ததை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015 செப்டம்பரில் வெளிப்படுத்தியபோது, மைலேஜைப் பற்றிய நம்பிக்கையும் சேர்ந்தே ஆட்டம் கண்டது. 2015இல் ஜெர்மனியில் விற்ற புதிய கார்களில் 48 விழுக்காடு டீசல். 2023இல் 17 விழுக்காடு.

டீசல் யாருக்கு உரியது என்பதை ஜெர்மனியின் வரி அமைப்பே எழுதி வைத்திருக்கிறது. அங்கே ஆண்டு வாகன வரி, எஞ்சினின் ஒவ்வொரு 100 சி.சி.க்கும் டீசல் காருக்கு 9.50 யூரோ, பெட்ரோல் காருக்கு 2 யூரோ. கரியமில வாயுவுக்கான கூறு தனி. எரிபொருள் வரியோ லிட்டருக்கு டீசலில் 47.04 சென்ட், பெட்ரோலில் 65.45 சென்ட். இரண்டு லிட்டர் கார் வைத்திருப்பவர் ஆண்டுக்கு 150 யூரோ கூடுதலாகக் கட்டிவிட்டு, அதை லிட்டருக்கு 18 சென்ட் வீதம் மீட்டாக வேண்டும். வரிகளை மட்டும் கொண்டு பார்த்தால், சுமார் 815 லிட்டர் டீசல் போட்ட பிறகே, அதாவது 100 கிலோமீட்டருக்கு 6.5 லிட்டர் குடிக்கும் கார் 12,500 கிலோமீட்டர் ஓடிய பிறகே கணக்கு சமனாகிறது. அதற்குக் குறைவாக ஓட்டுபவருக்கு இந்த வரிக் கணக்கின்படி டீசல் நட்டம்.

இந்தியாவில் இந்தக் கணக்கு வேறு வழியில் வந்தது. பி.எம்.டபிள்யூ.வின் இந்தியத் தொழிற்சாலை 2007 முதல் செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா சிட்டியில் இயங்கி வருகிறது. அங்கே பூட்டப்பட்ட 3 சீரிஸ், 5 சீரிஸ் கார்கள் டீசல் எஞ்சினோடு விற்ற காலத்தில் டீசலுக்கு அரசு மானியம் இருந்தது. 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2020 ஜூனில் தில்லியில் டீசல் விலை முதன்முறையாகப் பெட்ரோலைத் தாண்டியும் சென்றது. 2024 மார்ச்சுக்குப் பின் சென்னையில் டீசல் 92 ரூபாயையும் பெட்ரோல் 101 ரூபாயையும் ஒட்டி நின்றன. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவரின் டீசல் செடான் லிட்டருக்கு 15, இணையான பெட்ரோல் செடான் 11 கொடுப்பதாக வைத்துக்கொண்டால், எரிபொருள் செலவு முறையே 92,000 ரூபாயும் ஏறத்தாழ 1,38,000 ரூபாயும் ஆகும். மிச்சம் 46,000. இதே கார் 70 லட்சத்துக்கு வாங்கப்பட்டு ஐந்தாண்டில் பாதி மதிப்பை இழப்பதாகக் கொண்டால், ஆண்டுக்கு 7 லட்ச ரூபாய் ஓசையின்றிக் கரைகிறது. மைலேஜுக்காகச் சொகுசுக் கார் வாங்குவதாக எவரும் தம்மைத் தாமே தேற்றிக்கொள்ள இந்த எண்கள் இடம் தருவதில்லை. ஒருமுறை டேங்கை நிரப்பிவிட்டுச் சென்னையிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பும்போதும், வழியில் பங்க் தேட வேண்டியிராத அந்த நீண்ட மூச்சுக்காக வாங்குகிறார் என்றால், அது நியாயமான காரணம்.

கணக்கு தலைகீழாவது பழைய காரில். முதல் உரிமையாளர் மதிப்பிழப்பைச் சுமந்துவிட்ட பிறகு வாங்குபவருக்கு எரிபொருள் மிச்சம் உண்மையிலேயே எடை பெறுகிறது. பழுதுச் செலவும் அதே அளவுக்கு எடை பெறுகிறது. நீதிமன்ற உத்தரவுகளும் இந்தச் சந்தையைப் பாதித்திருக்கின்றன. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலைநகர் வட்டாரத்தில் 2,000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் பதியத் தடை விதித்தபோது, 2,143 சி.சி. எஞ்சின் கொண்டிருந்த அன்றைய ஈ-கிளாஸ் தடையில் சிக்கியது, 1,995 சி.சி. கொண்ட 520 டி சிக்கவில்லை. 2016 ஆகஸ்டில் ஒரு விழுக்காடு கட்டணத்தோடு அத்தடை நீங்கினாலும், பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் அங்கே ஓடக் கூடாதென்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது; அதன் அமலாக்கம் குறித்த வழக்கு 2025இலும் நடந்தது. ஆயுள் முடியும் தறுவாயில் உள்ள கார்கள் தடையில்லாச் சான்றோடு பிற மாநிலங்களுக்கு மலிவாக விற்கப்படுவது இதனால்தான்.

அப்படி வரும் காரை வாங்கச் செல்பவர்கள் குறைவாக ஓடிய வண்டியையே நாடுவது வழக்கம். ஓடோமீட்டரில் 40,000 கிலோமீட்டர் மட்டும் காட்டும் எட்டு வயது டீசல் செடான் கிடைத்தால் அதை அதிர்ஷ்டம் என்று கருதுகிறார்கள். அந்த எண்ணை ஆண்டுகளால் வகுத்தால் நாளொன்றுக்கு 14 கிலோமீட்டர்கூட வராது. அந்த வண்டியின் வடிகட்டி ஒரு முறையாவது முழுமையாகச் சூடேறியிருக்குமா என்பது ஐயமே. அதே வயதில், ஆண்டுதோறும் ஆயில் மாற்றிய ரசீதுகளோடு, 1,20,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடிய காரே உள்ளுக்குள் இளமையாக இருக்கும். அதன் உரிமையாளரிடம் வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், வண்டி எங்கிருந்து எங்கே போய்வந்தது என்று கேட்க வேண்டும்.